அம்மம்மாவை ஃபிரீசரில் வைத்த பிள்ளை

அந்தக் கதை என் கைக்கு வந்தது 2022 கடைசியில். கொப்பியிலிருந்து கிழித்த தாள், நீல மை, ஏழு பக்கம். எழுதியவளுக்கு வயது பதினைந்து.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. மூன்றாம் மாடியில் அம்மா, மகள், அம்மம்மா. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மாமா அம்மம்மாவின் செலவுக்கென்று மாதா மாதம் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாறும் வழியில், காசு அனுப்புகிறார். உண்மையில் மூன்று பேரும் அந்தக் காசில்தான் சாப்பிடுகிறார்கள். ஒருநாள் விடிய அம்மம்மா எழும்பவில்லை. அம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பா கடை நடத்திய காலத்து டீப் ஃபிரீசர் ஒன்று பின்னறையில் சும்மா கிடக்கிறது. அப்புறம் நடப்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வீடியோவில் வருவார். அம்மம்மாவைக் கதிரையில் இருக்கும் வாக்கிலேயே மடக்கி வைத்திருந்ததால் தூக்கி இருத்துவது சுலபம் என்று எழுதியிருந்தாள். கண்ணாடி போட்டு, திருநீறு பூசி, முகம் இருட்டாகத் தெரியும்படி ஜன்னலுக்கு முதுகு காட்டி இருத்துவார்கள். குரல் கொடுப்பது பேத்தி.

பிறகு அந்தப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வருகிறது. 2022 மார்ச் கடைசியில் கொழும்பில் இருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஃபிரீசருக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, முன்கதவுக்குக் கீழால் போய், பக்கத்து வீட்டு அன்ரியின் கால்மிதியை நனைக்கிறது. கடைசி ஞாயிறு மாமா சொல்கிறார்: டிக்கெட் போட்டுவிட்டேன் அம்மா, உங்களைப் பார்க்க வருகிறேன். பேத்தி அம்மம்மாவின் குரலில் பதில் சொல்கிறாள்: "வா ராசா. உன்னைப் பாக்கத்தான் இன்னும் கிடக்கிறன்."

கதை அவ்வளவுதான்.

அப்போது நான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு எழுத்து வகுப்பொன்று நடத்திக்கொண்டிருந்தேன். காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மண்டபத்தின் மேல்மாடி. ரயில் போகும்போது இரண்டு நிமிடம் பேச்சை நிறுத்த வேண்டும். வருடக் கடைசியில் பிள்ளைகளின் எழுத்துகளைத் தொகுத்து சிறிய மலர் ஒன்று போடுவோம். தெரிவு செய்பவர்கள் மூன்று பேர்: ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர் ஒருவர், மலருக்குக் காசு தருகிற நண்பர் ஒருவர், நான்.

ரீச்சர் சிவப்புப் பேனையோடு வாசிப்பவர். நாற்பது வருடப் பழக்கம். அந்தக் கதையில் ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டிருந்தார், அதுவும் இரண்டு தரம் அழுத்தி. மூன்றாம் பக்கம்: "அம்மா ஒரு நாளைக்கு நாலு தரம் திறந்து பார்ப்பாள். அம்மம்மாவின் கன்னத்தில் விரலை வைத்து அழுத்துவாள், பழம் கனிந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல."

"இந்தப் பிள்ளைக்கு என்னவோ இருக்கு" என்றார் ரீச்சர். நண்பர் தாளை ஒரு முறை புரட்டிவிட்டு மேசையில் தள்ளி வைத்தார். "இதைப் போட்டா எங்கட கதை முடிஞ்சுது. முதல்ல தாய்க்குச் சொல்லுங்கோ."

நான் மறுத்துப் பேசவில்லை. அந்தக் கன்ன வரி எனக்கும் இரண்டு நாள் நித்திரையைக் கெடுத்திருந்தது. அப்படியொரு வரி பதினைந்து வயதில் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எனக்கும் இருந்தது. எழுதியது என்னை உலுக்கினால் எழுதியவளுக்கு ஏதோ கோளாறு என்று மனம் எவ்வளவு சுருக்காகப் போய்விடுகிறது, பாருங்கள். தாய்க்கு ஃபோன் செய்தேன்.

வேலை முடிந்து நேரே வந்தார். பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏழு பக்கத்தையும் வாசித்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அம்மா வீட்டில இருக்கிறா, சேர். காலமை இடியப்பம் சாப்பிட்டவ" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஏதோ 'ஆலோசனை', 'மனசு விட்டுக் கதைக்க ஓராள்' என்று இழுத்தேன். அவருடைய முகம் மாறியது. "அங்கொடைக்கோ கூட்டிக்கொண்டு போகச் சொல்றியள்?"

அங்கொடை என்பது கொழும்பில் வெறும் ஊர்ப்பெயர் இல்லை. அங்கே இருப்பது இன்று தேசிய மனநல நிறுவனம். நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பஸ்ஸில் ஒருவன் சத்தம் போட்டால், "அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்று மூன்று மொழிகளிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை அந்தத் தாயின் வாயிலிருந்து வரவழைத்தவன் நான்.

எழும்பும்போது மெல்லக் கேட்டார்: "இது புத்தகத்தில வந்தா கனடாவில ஆரும் பாப்பினமோ?"

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை வந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கேட்டாள்: "சேர், கதை எப்படி இருந்தது?"

அதுவரைக்கும் அதைப்பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மூன்று நடுவர்களும் ஒரு தாயும் அவளுடைய மனதை மேசையில் விரித்து வைத்துப் பார்த்திருந்தோம். நான் சொன்னது இதுதான்: "நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். ஆனா மனசுக்குள்ள ஏதும் இருந்தா எங்களோட கதைக்கலாம்." அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓம் சேர்" என்றாள். இன்னும் இரண்டு சனிக்கிழமை வந்தாள், பிறகு வரவில்லை. மலரில் அந்த ஏழு பக்கத்துக்குப் பதிலாக மழைக்காலம் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. அதில் தவளைகள் கத்தின.

என் தரப்பில் ஒன்று சொல்ல வேண்டும். இது எனக்கும் நடந்திருக்கிறது, அதனால்தான் கூடுதல் வெட்கம்.

1996 ஜனவரி 31, கொழும்பில் மத்திய வங்கிக் குண்டு. 91 பேர் செத்தார்கள், ஏறக்குறைய 1,400 பேருக்குக் காயம். கண்ணாடிச் சில்லுப் பறந்து கண் போனவர்கள் பலர். எனக்கு அப்போது பதினாறு. கோட்டையிலிருந்து எழுந்த புகையைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அந்தக் கிழமையே ஒரு கதை எழுதினேன். வெடிமருந்து லொறியை ஓட்டி வருகிறவனின் கடைசிப் பத்து நிமிடம், அவனுடைய வாயாலேயே. அவனுக்குத் தண்ணீர் விடாய்க்கிறது. வழியில் ஒரு இளநீர்க் கடை தெரிகிறது. நிறுத்த முடியாது. கதை முழுக்க அந்த இளநீர்தான்.

அம்மா அதைக் கண்டெடுத்தாள். மனநலம், ஆலோசனை என்ற சொல்லெல்லாம் எங்கள் வீட்டுக்கு அப்போது வந்திருக்கவில்லை. "உனக்கென்ன விசரா?" என்று மட்டும் கேட்டாள். பதில் எதிர்பார்க்காத கேள்வி. காஸ் அடுப்பைப் பற்ற வைத்து ஒவ்வொரு தாளாகப் பிடித்தாள். சாம்பலைக் கழுவு தொட்டியில் கரைத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "பொலிஸ் வந்து வாசிச்சா என்ன சொல்லுவாய், கதை எண்டோ?" என்றாள். எந்த இரவும் கதவு தட்டப்படலாம், பொலிஸ் பதிவுத் துண்டை சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த காலம். தமிழ்ப் பொடியன் ஒருவனின் கொப்பியில் வெடிமருந்து லொறி, அதுவும் 'நான்' என்று தொடங்கி.

அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது. பிறகு அஹ்னாஃப் ஜசீமின் வழக்கு வந்தது. மன்னார்ப் பக்கத்து இளம் கவிஞர், ஆசிரியர். 2017இல் 'நவரசம்' என்ற தொகுதியை வெளியிட்டிருந்தார். அந்தத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று சொல்லி, 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைக் கைது செய்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். நீதிமன்றம் விடுதலை செய்தது 2023 டிசம்பரில். தீவிரவாதத்தையும் வன்முறையையும் சாடுகிற கவிதைகளும் அதே தொகுதியில் இருந்தன. ஜசீம் கைதாவதற்கு முந்திய வருடம், 2019 ஏப்ரலில் கைதான சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக நான்கு மாதம் சிறையில் இருந்தார். செய்தியைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். அடுப்பைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் ஒருவர் இருட்டாக எழுதினால் 'இவனுக்கு விசர்' என்று முடிவு கட்டுவது ஒரு ஆபத்து, 'இவன் ஆபத்தானவன்' என்று முடிவு கட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே வாசிப்புத்தான்: கதையில் பேசுகிற வாய் எழுதியவரின் வாய். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தவறைச் செய்யக் கடைசி உரிமைகூட இல்லாதவர்கள் தமிழ் வாசகர்கள்தான். அகப்பாட்டைத் திறந்தால் பாட்டுக்கு மேலேயே எழுதியிருக்கும்: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. எழுதியவர் ஒரு கிழட்டுப் புலவராக இருப்பார், பேசுவது பதினாறு வயதுப் பெண். யாரும் அவருடைய உடல்நிலையை விசாரிக்கப் போகவில்லை. நாங்கள் ஓ.எல். பாடத்திலேயே இதைப் படித்து, பரீட்சைக்கு எழுதி, புள்ளி வாங்கியவர்கள். ரீச்சர் அதை நாற்பது வருடம் படிப்பித்தவர்.

அருவருப்பும் புதிதில்லை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரல் இருக்கிறது, அச்சம் இருக்கிறது. நகைக்கும் உவகைக்கும் பக்கத்திலேயே, சமமாக. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சுகின்றன. செத்தவர்களின் பற்கள்தான் அரிசி. முரசு உரலாகிறது, யானைத் தந்தம் உலக்கையாகிறது, கேடயம் சுளகாகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழனைப் புகழ எழுதிய பாட்டு இது. வாசித்தால் சமையல் குறிப்பு மாதிரியே போகும். பயங்கரமே அந்த நிதானத்தில்தான் இருக்கிறது. காரைக்கால் அம்மையாரோ திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் கொங்கை திரங்கி, நரம்பெழுந்து, குண்டுகண்ணோடும் வெண்பல்லோடும் அலறுகிற பெண்பேயைப் பாடிவிட்டு, தன்னையும் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டார். அவரைக் கோவிலில் அறுபத்து மூவர் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை கன்னத்தில் விரலை வைத்ததும் தாய்க்கு ஃபோன் போகிறது.

சரி, இதோடு நிறுத்தினால் நான் சுலபமான வழியில் போனவனாவேன். இலக்கியம் என்று சொல்லித் தப்பிவிட முடியாத எழுத்தும் இருக்கிறது.

2007 ஏப்ரல் 16, அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டான். ஆங்கில இலக்கியம் படித்தவன். வகுப்புக்கு அவன் எழுதிய நாடகங்கள் இரண்டு சில நாட்களிலேயே இணையத்தில் வந்தன. நானும் வாசித்தேன். இரத்தமும் வசையும் நிறைந்த, நாடகமென்று பார்த்தால் மட்டமான எழுத்து. உலகமே, 'இதை வாசித்தவர்களுக்கு எப்படித் தெரியாமல் போனது' என்று கேட்டது.

தெரியாமல் போகவில்லை என்பதுதான் விஷயம். 2005இலேயே அவனுடைய ஆசிரியர், கவிஞர் நிக்கி ஜியோவானி, அவன் தன் வகுப்பில் இருக்கக்கூடாது என்று உறுதியாக நின்றார். துறைத்தலைவராக இருந்த லூசிண்டா ராய் அவனைத் தனியே வைத்துப் படிப்பித்தார், பல்கலைக்கழகத்தில் பல இடங்களுக்கு அறிவித்தார். ஆனால் அவர்களைப் பயமுறுத்தியது கவிதை மட்டும் இல்லை. அவன் கறுப்புக் கண்ணாடியோடு வகுப்பில் இருந்த விதம், பேச மறுத்தது, மேசைக்குக் கீழால் மாணவிகளைப் படம் எடுத்தது, மற்ற மாணவர்கள் வகுப்புக்கு வராமல் விட்டது. அந்த வருட டிசம்பரில் நீதிமன்றமே அவனுக்கு வெளிநோயாளர் சிகிச்சை வேண்டுமென்று உத்தரவிட்டது. அது ஒழுங்காக நடக்கவில்லை. வாசித்தவர்கள் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள். எழுத்துக்கு வெளியே நடந்திருக்க வேண்டிய வேலைதான் நடக்கவில்லை.

அந்த நாட்களில் திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங் ஒரு கட்டுரை எழுதினார். கல்லூரிக் காலத்தில் தான் எழுதியவற்றை இன்று யாரும் பார்த்தால் தன்னையும் சந்தேகித்திருப்பார்கள் என்றார். ஆனால் அதே கிங், பள்ளிக்கூடத்தில் துப்பாக்கியோடு நுழையும் மாணவனைப் பற்றித் தான் இளவயதில் எழுதிய நாவலை, உண்மையில் அப்படிச் செய்த ஒருவனிடம் அது இருந்தது தெரிந்ததும், இனி அச்சிட வேண்டாம் என்று தானே நிறுத்திவிட்டார். இந்த இரண்டையும் செய்த மனிதரை எனக்குப் பிடிக்கும். ஒன்றை மட்டும் சொல்லி வாதத்தில் வெல்லலாம், அவர் அப்படிச் செய்யவில்லை.

கணக்கும் இருக்கிறது. அமெரிக்க இரகசியச் சேவையும் கல்வித் திணைக்களமும் சேர்ந்து 1974 முதல் 2000 வரை அங்கே பள்ளிக்கூடங்களில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. தாக்கியவர்கள் 41 பேர். அவர்களில் 37 சதவீதமானோர் வன்முறையில் இருந்த ஈடுபாட்டைத் தங்கள் சொந்தக் கவிதையிலோ கட்டுரையிலோ நாட்குறிப்பிலோ காட்டியிருந்தார்கள். வீடியோ விளையாட்டில் காட்டியவர்கள் 12 சதவீதம்தான். பார்த்தீர்களா, எழுத்தில்தான் தெரிகிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த 37 சதவீதம் என்பது இருபத்தாறு வருடத்தில் பதினைந்து பேர். அதே இருபத்தாறு வருடத்தில் அந்த நாட்டில் எத்தனை இலட்சம் பிள்ளைகள் கொப்பியில் யாரையாவது கொன்றிருப்பார்கள்? வெள்ளவத்தை டியூட்டரி ஒன்றில் பின்வரிசைக் கொப்பிகளை மட்டும் சேர்த்து வாசித்தால் ஒரு பொலிஸ் நிலையம் போதாது. அதே அறிக்கை சொல்லும் இன்னொரு எண்ணை மறந்துவிடுகிறோம்: 81 சதவீதத்தில், தாக்குபவன் என்ன நினைக்கிறான், என்ன திட்டமிடுகிறான் என்பது குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. அவன் சொல்லியிருந்தான். கதையாக இல்லை, செய்தியாக.

எழுத்தாளர்களுக்கு மனநோய் கூட என்பதும் முழுப் பொய் இல்லை. ஸ்வீடனில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளர் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், எழுத்தாளர்களிடையே மனச்சோர்வு முதல் சில கடும் நோய்கள் வரை கூடுதலாகவே காணப்பட்டன. ஆனால் அது எழுதும் ஆட்களைப் பற்றிய ஆய்வு. அவர்கள் எழுதியது இரத்தமா ரோஜாவா என்று அதில் யாரும் பார்க்கவில்லை.

எழுதியதையே பார்த்த ஆய்வும் ஒன்று இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. 2001இல் ஸ்டர்மன், பென்னபேக்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், தற்கொலை செய்துகொண்ட ஒன்பது கவிஞர்களின் கவிதைகளையும் அப்படிச் செய்யாத ஒன்பது பேரின் கவிதைகளையும் கணினியில் போட்டுச் சொல் சொல்லாக எண்ணினார்கள். முதலாவது வகையினரிடம் 'நான்' கூடுதல், 'நாம்' குறைவு. நாங்கள் சிவப்புக் கோடு போடுவது பிணத்துக்கும் இரத்தத்துக்கும். 'நான்' என்ற அப்பாவிச் சொல்லுக்கு யார் கோடு போடுவார்கள்?

தமிழில் இந்தக் கணக்கு எப்படிப் போகும் என்று அடிக்கடி யோசிப்பேன். நமக்கு 'நான்' என்று எழுதவே தேவையில்லை. போனேன், இருந்தேன், தாங்கமாட்டேன். வினையின் வாலுக்குள் ஆள் ஒளிந்திருப்பார். போதாததற்கு நாம் வேறு, நாங்கள் வேறு: கேட்பவரைச் சேர்த்துக்கொள்வதா, வெளியே விடுவதா. ஒருவர் 'நாம்' என்பதை விட்டு 'நாங்கள்' என்று எழுதத் தொடங்கும்போது என்ன நடக்கிறது? அதை எண்ணிப் பார்க்கிற கணினி வேலையை யாராவது செய்தால் நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

அது நிற்க. எனக்கு உதவிய விதி தொல்காப்பியத்தில்தான் இருந்தது. "மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்." அகப்பாட்டில் இன்னார் என்று ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது. பெயர் வந்த இடத்தில் அது அகம் இல்லை, வேறொன்றாகிவிடுகிறது. காதலுக்காகச் சொன்ன விதிதான். என் சனிக்கிழமை மேசைக்கு அதை நான் இப்படிக் கடன் வாங்கிக்கொண்டேன்: எவ்வளவு இருட்டாக இருந்தாலும் ஆள் பெயர், நாள், இடம் இல்லாதவரை அது கதை, கதையாகவே வாசி. உண்மையான பெயர் ஒன்று உள்ளே வந்துவிட்டால் பேனையை வைத்துவிட்டு ஃபோனை எடு.

ஒரே ஒரு தரம் அப்படி எடுத்தேன். வேறொரு வருடம், வேறொரு பிள்ளை. பதினேழு வயதுப் பொடியன். அவன் தந்தது காதல் தோல்விக் கவிதை, நிலா, அலை, உடைந்த வளையல், எல்லோரும் எழுதுவது. ரீச்சர் பத்துக்கு ஆறு போட்டு, 'சந்தப் பிழை' என்று எழுதியிருந்தார். தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பட்டியல். கிரிக்கெட் பட் தம்பிக்கு. ஹெட்ஃபோன் இன்னாருக்கு. வாங்கிய ஐந்நூறு ரூபாய் இன்னாருக்குத் திருப்பிக் கொடுக்க வேணும். பெயர்கள் எல்லாம் உண்மை. அந்தத் தாளில் இரத்தம் இல்லை, பிணம் இல்லை, மருந்துக்கும் ஒரு பயங்கரச் சொல் இல்லை. அன்றிரவே அவனுடைய அண்ணனோடு கதைத்தேன். அவர்கள் 1926க்கு எடுத்தார்கள்; அது மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் ஆள் இருக்கும். அவனுக்கு உதவி கிடைத்தது. இப்போது வேலை செய்கிறான், கவிதை எழுதுவதில்லை. அதில் இலக்கியத்துக்கு நட்டமில்லை என்று ரீச்சர் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சிவரமணியைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாணத்துக் கவிஞர், இருபதுகளின் தொடக்கத்தில், 1991 மே மாதம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கையிலிருந்த கவிதைகளை எரித்துவிட்டுப் போனார். மற்றவர்களிடம் இருந்தவை மட்டும் மிஞ்சிப் புத்தகமாயின. அந்தப் புத்தகத்தை எடுக்கிற எல்லோரும் முடிவு தெரிந்துகொண்டே வாசிக்கிறோம். ஒவ்வொரு வரியும் வாக்குமூலம் மாதிரித் தெரிகிறது. ஆனால் அவர் எழுதிய அந்த யுத்த இரவு அவருடைய தலைக்குள் மட்டும் இருந்ததில்லை. அதே இரவில் அந்தக் குடாநாடு முழுக்க விழித்திருந்தது. அவர் எரித்தவற்றில் என்ன இருந்ததோ, மழைக்காலமும் இருந்திருக்கலாம், பகிடியும் இருந்திருக்கலாம். மிஞ்சியதை வைத்து அவருடைய மனதை வரைந்துகொண்டிருக்கிறோம்.

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று, இலட்சம் பேருக்கு 47 அளவில். பிறகு பாதிக்கும் கீழே விழுந்தது. காரணங்களில் பெரியது, கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. யாரும் யாருடைய கவிதையையும் வாசித்து அதைச் சாதிக்கவில்லை. கையெட்டும் தூரத்திலிருந்து போத்தலை எடுத்தார்கள்.

போன வருடம் வீடு மாறும்போது அந்த ஏழு பக்கத்தின் போட்டோப் பிரதி கிடைத்தது. பெட்டிகளுக்கு நடுவில் தரையில் இருந்து வாசித்தேன். இந்தத் தரம் கதையாக. எனக்குப் பொறாமையாக இருந்தது. நாற்பத்தைந்து வயதில் எனக்கு அந்தக் கடைசி வரி வராது.

அவளுடைய தாயின் இலக்கம்தான் என்னிடம் இருந்தது. அவளிடம் கொடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல இரண்டரை வருடம் பிந்திவிட்டது என்று தொடங்கி, கதை எப்படி இருந்தது என்று எழுதினேன். தொடக்கத்தில் அப்பாவைப் பற்றிய ஒரு பந்தி தேவையில்லை. பக்கத்து வீட்டு அன்ரி இன்னும் கொஞ்சம் பேசலாம். பேத்தி அம்மம்மாவின் குரலில் பேசப் பேச அவளுடைய சொந்தப் பேச்சிலும் அம்மம்மாவின் சொற்கள் வந்து சேர்வதை நான் இப்போதுதான் கவனித்தேன், அது அபாரம். பிறகு ஒரு பிழையும் சொன்னேன். நிரம்பிய ஃபிரீசர், மூடியைத் திறக்காவிட்டால், கரண்ட் இல்லாமலும் இரண்டு நாள் வரை உறைந்தே இருக்கும். பாதி நிரம்பியதென்றாலும் ஒரு நாள் தாங்கும். பதின்மூன்று மணி நேரத்தில் கால்மிதி நனைகிற அளவுக்குத் தண்ணீர் கசியாது. வாசகர் அங்கே நம்பாமல் போகலாம்.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் தெரியாத இலக்கத்திலிருந்து வந்தது.

"நன்றி சேர். அப்பா பந்தி சரி, வெட்டலாம். ஆனா ஃபிரீசர் பிழை இல்லை. அவையள் திறந்து திறந்து பாத்துக்கொண்டெல்லோ இருந்தவை. மூண்டாம் பக்கத்தில இருக்கு."

பெட்டிக்குள் கையை விட்டுப் பிரதியை எடுத்தேன். மூன்றாம் பக்கம். போட்டோப் பிரதியில் சிவப்பு கறுப்பாகத்தான் விழுந்திருந்தது, இரண்டு தரம் அழுத்திப் போட்ட கோடு.